பாகற்காயும் வேண்டாம், மிட்டாயும் வேண்டாம்! - குழந்தைப் புத்தகங்களுக்கு விருது தரும் வலைப்பதிவர்கள்

குழந்தைகளுக்கான புத்தகத்தை எழுதுவது பெரியவர்கள். படம் வரைவதும், அச்சடிப்பதும், கடையில் விலையைத் திருப்பிப் பார்த்து வாங்குவதும் பெரியவர்கள். 'இந்த ஆண்டின் சிறந்த புத்தகம் எது?' என்று கூடிப் பேசி விருது கொடுப்பதும் அவர்களேதான். இத்தனை கை மாறிய பிறகுதான் அந்தப் புத்தகம் குழந்தையின் மடிக்கு வந்து சேர்கிறது. நான்கு பக்கம் புரட்டிவிட்டு, 'போர் அடிக்குது' என்று குழந்தை மூடி வைத்துவிட்டால்?

ஒரு புத்தகம் பிடிக்காமல் போவது பெரிய விஷயமில்லை. ஆனால், பத்து வயதுப் பிள்ளையின் கையில் விருது முத்திரை குத்திய புத்தகத்தைக் கொடுத்து, 'இதைவிட நல்ல புத்தகம் கிடையாது' என்று சொல்லும்போது விஷயம் வேறாகிவிடுகிறது. அது பிடிக்கவில்லை என்றால் அந்தப் பிள்ளை புத்தகத்தைச் சந்தேகப்படாமல் தன்னையே சந்தேகப்படலாம். 'படிப்பதெல்லாம் நமக்கு வராது' என்று அன்றைக்கே முடிவு செய்துவிடலாம். அதனால்தான், குழந்தைப் புத்தகத்துக்கு யார் விருது கொடுக்கிறார்கள், எதைப் பார்த்துக் கொடுக்கிறார்கள் என்பது கேட்க வேண்டிய கேள்வியாகிறது.

இந்தக் கேள்வியை 2006-ம் ஆண்டில் அமெரிக்காவில் சிலர் கேட்டார்கள். அவர்கள் பெரிய பத்திரிகைகளின் விமர்சகர்கள் அல்ல. பள்ளி நூலகர்கள், ஆசிரியர்கள், எழுத்தாளர்கள், அம்மா அப்பாக்கள். படித்த சிறுவர் புத்தகங்களைப் பற்றித் தங்கள் வலைப்பதிவுகளில் எழுதிக்கொண்டிருந்தவர்கள். அவர்கள் சேர்ந்து தொடங்கிய விருதின் பெயர், 'சிபில்ஸ்'.

தங்க முத்திரையும் மக்கள் ஓட்டும்

அமெரிக்கச் சிறுவர் இலக்கியத்தில் பெரிய விருது என்றால், அது நியூபெரி மெடல். 18-ம் நூற்றாண்டில் லண்டனில் குழந்தைகளுக்காகவே புத்தகம் பதிப்பித்து விற்ற ஜான் நியூபெரியின் பெயரைத் தாங்கிய விருது இது. முதல் மெடல் 1922-ல் கொடுக்கப்பட்டது. ஹென்ட்ரிக் வில்லெம் வான் லூன் எழுதிய 'தி ஸ்டோரி ஆஃப் மேன்கைண்ட்' என்ற தடிமனான உலக வரலாற்றுப் புத்தகம் அதைப் பெற்றது.

இன்று அமெரிக்க நூலகச் சங்கத்தின் சிறுவர் பிரிவைச் சேர்ந்த 15 பேர் கொண்ட குழு ஒவ்வோர் ஆண்டும் இந்த விருதுக்கான நூலைத் தேர்ந்தெடுக்கிறது. குழுவுக்குள் என்ன பேசினார்கள் என்பது வெளியே வராது. முத்திரை விழுந்துவிட்டால் நூலகங்கள் வாங்கும், பள்ளிகள் பாடமாக்கும், புத்தகம் பல காலம் அச்சில் இருக்கும். ஓர் எழுத்தாளரின் வாழ்க்கையையே மாற்றக்கூடிய விருது இது.

நியூபெரியின் விதிகளிலேயே ஒரு குறிப்பு உண்டு. இந்த விருது இலக்கியத் தரத்துக்கானது; நீதி சொல்வதற்கோ, பிரபலமாக இருப்பதற்கோ கொடுப்பதல்ல. விதி என்ற வகையில் இது நியாயமானதுதான். ஆனால், 'குழந்தைகளுக்குப் பிடிப்பதை ஒரு பொருட்டாகவே எடுப்பதில்லையோ?' என்ற முணுமுணுப்பு அமெரிக்க நூலகர்கள் மத்தியிலேயே இருந்தது. 2008 அக்டோபரில் 'ஸ்கூல் லைப்ரரி ஜர்னல்' இதழில் விமர்சகர் அனிதா சில்வி, 'நியூபெரி வழி தவறிவிட்டதா?' என்ற கேள்வியைத் தலைப்பிலேயே வைத்துக் கட்டுரை எழுதும் அளவுக்கு அது போனது.

இதற்கு நேர் எதிர்த் திசையில் இருந்தது 'குவில்' விருது. 2005-ல் தொடங்கிய இதில் பொதுமக்கள் ஓட்டுப் போடலாம். தொலைக்காட்சியில் விழா எல்லாம் உண்டு. முதல் ஆண்டிலேயே, 'ஆண்டின் சிறந்த புத்தகம்' பட்டத்தை ஹாரி பாட்டர் வரிசையின் ஆறாவது புத்தகம் தட்டிச்சென்றது. ஹாரி பாட்டர் ஜெயித்ததில் தவறு ஒன்றுமில்லை. ஆனால், ஹாரி பாட்டரைக் கண்டுபிடிக்க ஒரு விருது தேவையா? ஏற்கெனவே எல்லோர் கையிலும் இருக்கும் புத்தகத்தைத்தான் ஓட்டு மேலே கொண்டுவரும். யாருக்கும் தெரியாமல் அலமாரியின் கீழ்த்தட்டில் இருக்கும் நல்ல புத்தகத்துக்கு யார் ஓட்டுப் போடுவார்கள்? குவில் விருதும் நீண்ட நாள் நிற்கவில்லை. 2008-ல் நிறுத்தப்பட்டது.

இரண்டுக்கும் நடுவில்

2006-ல் வலைப்பதிவர்கள் இடையே ஓடிக்கொண்டிருந்த பேச்சு இதுதான். 'ஒரு விருது ரொம்ப உயரத்தில் இருக்கிறது, இன்னொன்று வெறும் பிரபலத்தைப் பார்க்கிறது. நடுவில் ஒன்று இருந்தால் என்ன?' புலம்பலோடு விட்டுவிடாமல், ஆன் போல்ஸ் லெவி, கெல்லி ஹெரால்ட் ஆகிய இரண்டு வலைப்பதிவர்கள் அதைச் செயலாக்கினார்கள். 'சிறுவர் மற்றும் இளையோர் வலைப்பதிவர்களின் இலக்கிய விருது' என்று பொருள் தரும் ஆங்கிலப் பெயரின் சுருக்கம்தான் 'சிபில்ஸ்'.

தங்கள் கொள்கையை அவர்கள் விளக்கிய விதமே சுவாரஸ்யமானது. சில விருதுகள் பிரஸ்ஸல்ஸ் ஸ்ப்ரௌட்ஸ் என்ற குட்டிக்கோஸ் மாதிரி. சில விருதுகள் ஜெல்லி மிட்டாய் மாதிரி. தங்கள் விருதோ ஆர்கானிக் சிக்கன் நக்கெட்ஸ் மாதிரி என்றார்கள். நம்மூர் பிள்ளைகள் பாகற்காயைப் பார்த்து ஓடுவதுபோல அங்கே பிள்ளைகள் அந்தக் குட்டிக்கோஸைப் பார்த்து ஓடுவார்கள். உடம்புக்கும் நல்லதாக இருக்க வேண்டும், குழந்தை கேட்டு வாங்கிச் சாப்பிடவும் வேண்டும். இலக்கியத் தரம், குழந்தைக்குப் பிடித்தல் ஆகிய இரண்டையும் ஒரே தராசில் வைப்போம் என்பதைத்தான் அவர்கள் இப்படிச் சொன்னார்கள்.

சொல்வது எளிது. செய்வதற்கு ஓர் ஏற்பாடு வேண்டுமே?

எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள்?

சில ஆண்டுகளில் நிலைபெற்ற முறை இது. அக்டோபர் 1 முதல் 15 வரை யார் வேண்டுமானாலும் புத்தகங்களைப் பரிந்துரைக்கலாம். ஒரு பிரிவுக்கு ஒருவர் ஒரு புத்தகம்தான் சொல்ல முடியும். படப் புத்தகம், கவிதை, கிராஃபிக் நாவல், கட்டுரை நூல்கள், சிறுவர் நாவல், இளையோர் நாவல், மாயாஜாலமும் அறிவியல் புனைவும் என்று தனித்தனிப் பிரிவுகள் உண்டு.

பரிந்துரைப்பது ஓட்டு ஆகாது. ஒரே ஒருவர் சொன்ன புத்தகமும், ஊரே கொண்டாடும் புத்தகமும் பட்டியலில் ஒரே மாதிரிதான் நிற்கும். கீழ்த்தட்டுப் புத்தகத்துக்கு அந்த ஒரே ஒரு வாசகர் போதும்.

அதன் பிறகு இரண்டு சுற்றுகள். முதல் சுற்று நடுவர்கள் தங்கள் பிரிவுக்கு வந்த பட்டியலைப் பகிர்ந்து படித்து, விவாதித்து, ஐந்து முதல் ஏழு புத்தகங்கள் கொண்ட இறுதிப் பட்டியலைத் தயாரிப்பார்கள். அது ஜனவரி 1 அன்று வெளியாகும். அங்கே அவர்கள் வேலை முடிந்தது. இரண்டாம் சுற்றில் வேறு நடுவர்கள். அவர்கள் அந்தச் சில புத்தகங்களை மட்டும் புதிதாகப் படித்து, ஒன்றைத் தேர்ந்தெடுப்பார்கள். பிப்ரவரி 14, காதலர் தினத்தன்று முடிவு வரும்.

இரண்டு சுற்றுக்கும் வேறு வேறு ஆள்கள் என்பதில் ஒரு நன்மை உண்டு. மூன்று மாதம் ஒரு புத்தகத்துக்காக வாதாடியவருக்கு, அந்தப் புத்தகத்தின் மேல் ஒரு பிடிவாதம் வந்துவிடும். புதிதாக வருபவருக்கு அந்தப் பழைய சண்டை தெரியாது. கையில் இருக்கும் புத்தகம் மட்டும்தான் தெரியும்.

சம்பளம் இல்லாத மூன்று மாதம்

நடுவர்களுக்குச் சம்பளம் கிடையாது. முதல் சுற்றில் இருப்பவரின் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான நாள்களைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஒரு நாவல் பிரிவுக்கு வரும் பரிந்துரைகள் நூறைத் தாண்டுவது உண்டு. அமெரிக்கக் குடும்பங்கள் ஓட்டமும் நடையுமாக இருக்கும் பண்டிகைக் காலம் அது. பகலில் பள்ளி வேலை, மாலையில் சமையல், வீட்டுப்பாடம். பிள்ளைகள் தூங்கிய பிறகு கையில் எடுக்கும் புத்தகம் இன்னொரு வீட்டுப் பிள்ளைக்கானது.

படிப்பதோடு முடிவதில்லை. பிடித்தது, பிடிக்கவில்லை என்று சொல்லிவிட்டு நடுவர் நகர முடியாது. 'ஏன்?' என்று மற்றவர்கள் கேட்பார்கள். கதையின் நடுவில் வேகம் குறைகிறதா? பன்னிரண்டு வயதுப் பெண் பேசுவதுபோல இருக்கிறதா, நாற்பது வயது அம்மா பேசுவதுபோல இருக்கிறதா? முந்தைய பாகத்தைப் படிக்காதவருக்குக் கதை புரியுமா? முடிவு வலிந்து ஒட்டவைத்தது மாதிரி இல்லையா? பதில் சொல்லியாக வேண்டும்.

இந்த நடுவர்களில் பலரிடம் வேறொரு சாட்சியும் இருக்கிறது. நூலகருக்கு எந்தப் புத்தகம் அலமாரிக்குத் திரும்பியதும் மறுபடி வெளியே போகிறது என்று தெரியும். ஆசிரியருக்கு, வாசித்துக் காட்டும்போது எந்தப் பக்கத்தில் வகுப்பு அமைதியாகிறது, எந்தப் பக்கத்தில் கடைசி பெஞ்ச் ஜன்னலைப் பார்க்கிறது என்று தெரியும். படப் புத்தகங்கள் பெரும்பாலும் 32 பக்கம்தான். அதை இருபதாவது முறையாகத் தூங்கப்போகும் பிள்ளைக்குப் படித்துக் காட்டும் அப்பாவுக்கு, எந்த வாக்கியம் வாயில் சிக்குகிறது, எந்தப் பக்கத்தைத் திருப்பும் முன் பிள்ளை மூச்சைப் பிடித்துக்கொள்கிறது என்பது அத்துப்படி. மேசையில் தனியாக உட்கார்ந்து படிக்கும் விமர்சகருக்கு இவை எளிதில் கிடைக்காது.

முதல் பட்டியல் சொன்னது என்ன?

முதல் சிபில்ஸ் முடிவுகள் 2007 பிப்ரவரி 14 அன்று வந்தன. அந்தப் பட்டியலைப் பார்த்தால், 'நடுவில் ஒன்று' என்று அவர்கள் சொன்னதன் பொருள் புரியும்.

படப் புத்தகப் பிரிவில் ஜெயித்தது, கனடாவைச் சேர்ந்த மெலனி வாட் எழுதி வரைந்த 'ஸ்கேர்டி ஸ்குவிரல்'. வெளியுலகத்துக்குப் பயந்து மரத்தைவிட்டு இறங்கவே இறங்காத ஓர் அணிலின் கதை. இறங்கினால் என்ன ஆகும், இறங்காவிட்டால் என்ன லாபம் என்று அது பட்டியல் போடும். ஆபத்து வந்தால் தப்பிக்க பாராசூட் உட்பட ஒரு பெட்டியைத் தயாராக வைத்திருக்கும். ஒரு நாள் பதறிப்போய்க் குதித்த பிறகுதான் தெரிகிறது, தான் பறக்கும் அணில் என்பது! பிள்ளைகளுக்கு வயிறு குலுங்கும். புதுப் பள்ளிக்குப் போக அடம்பிடிக்கும் பிள்ளைக்கு, தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று புரியும். புத்தகம் எந்த இடத்திலும் 'பயப்படாதே' என்று விரலை ஆட்டுவதில்லை.

கிராஃபிக் நாவலில் மூத்த வயதினருக்கான பரிசு, ஜீன் லுயென் யாங்கின் 'அமெரிக்கன் பார்ன் சைனீஸ்' நூலுக்குப் போனது. சீனப் புராணத்துக் குரங்கு அரசன், அமெரிக்கப் பள்ளியில் ஒட்ட முடியாமல் தவிக்கும் சீன வம்சாவளிச் சிறுவன், கேலிச்சித்திரம் போல வரும் ஓர் உறவுக்காரப் பையன் என்று மூன்று கதைகள் கடைசியில் ஒன்றாகும். 'காமிக்ஸ் எல்லாம் இலக்கியமா?' என்ற கேள்வி அப்போது இருந்தது. சில வாரங்களுக்கு முன், இளையோர் இலக்கியத்துக்கான பெரிய விருதான பிரின்ஸ் விருதையும் அதே புத்தகம் பெற்றிருந்தது. அந்த விருதைப் பெற்ற முதல் கிராஃபிக் நாவல் அதுதான். நூலகர்களின் குழுவும் வலைப்பதிவர்களின் குழுவும் வேறு வேறு வழியில் வந்து ஒரே கதவைத் தட்டியிருந்தார்கள்.

இளையோர் நாவலுக்கான பரிசு மார்கஸ் ஸூசாக்கின் 'தி புக் தீஃப்'க்கு. நாஜி ஜெர்மனியில் ஒரு சிறுமியின் கதையை மரணமே சொல்வதுபோல எழுதப்பட்ட நாவல். ஆஸ்திரேலியாவில் பெரியவர்களுக்கான நூலாக வந்தது, அமெரிக்காவில் பதின்பருவத்தினருக்கான நூலாக வந்தது. மிட்டாய்க்கும் அதற்கும் வெகுதூரம். 'பிள்ளைகளுக்குப் பிடிப்பது' என்றால் எளிதானது, சிரிப்பானது மட்டும்தான் என்று அந்த நடுவர்கள் நினைக்கவில்லை என்பதற்கு இந்தத் தேர்வு சாட்சி.

சிறுவர் நாவல் பிரிவில்தான் அந்த ஆண்டின் நல்ல சேதி இருந்தது. அங்கே ஜெயித்தவர் லாரா ஏமி ஷ்லிட்ஸ். பால்டிமோர் நகரப் பள்ளி ஒன்றின் நூலகர். 'எ ட்ரவுண்டு மெய்டன்ஸ் ஹேர்' அவர் சிறுவர்களுக்காக எழுதிய முதல் நாவல். அடுத்த ஆண்டு, 2008-ல், வேறொரு புத்தகத்துக்காக அவர் நியூபெரி மெடலையே வாங்கினார். அதற்கும் சிபில்ஸுக்கும் தொடர்பு இருக்கிறது என்று சொல்வதற்கில்லை. ஆனால், சம்பளம் இல்லாமல் இரவில் கண்விழித்துப் படித்தவர்கள் ஒரு நல்ல எழுத்தாளரை முந்திக்கொண்டு அடையாளம் கண்டார்கள் என்பது உண்மை.

2008-ம் ஆண்டுக்கான விருதுகளில் இளையோருக்கான மாயாஜால, அறிவியல் புனைவுப் பிரிவில் ஜெயித்தது, சூசன் காலின்ஸின் 'தி ஹங்கர் கேம்ஸ்'. அது சினிமாவாகி உலகமெல்லாம் ஓடியது 2012-ல்தான்.

இலவசப் புத்தகத்தின் விலை

குறைகளையும் சொல்லத்தானே வேண்டும்?

முதல் குறை, பதிப்பகங்கள் அனுப்பும் இலவசப் பிரதிகள். நூறு புத்தகங்களைச் சொந்தக் காசில் வாங்கிப் படிக்கச் சம்பளம் இல்லாத நடுவரால் முடியாது. நூலகத்தில் எல்லாம் கிடைக்காது. பரிந்துரைக்கப்பட்ட புத்தகங்களைப் பதிப்பகங்கள் நடுவர்களுக்கு அனுப்பிவைக்கின்றன. வீட்டு வாசலில் பார்சல் வந்து இறங்கும்போது, எழுதுபவரின் மனம் கொஞ்சம் இளகாதா?

2009 அக்டோபரில் அமெரிக்க வர்த்தக ஆணையம் இதற்கு ஒரு விதி கொண்டுவந்தது. இலவசமாகப் பொருள் வாங்கிக்கொண்டு எழுதும் வலைப்பதிவர்கள் அதை வாசகருக்கு வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். அந்த ஆண்டு டிசம்பர் 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. புத்தகம் எழுதும் வலைப்பதிவர்கள் பலருக்குக் கோபம். 'பத்திரிகை விமர்சகருக்கும்தான் பதிப்பகம் இலவசப் பிரதி அனுப்புகிறது. அவரை ஏன் கேட்கவில்லை?' என்றார்கள். கேள்வி நியாயமானது. ஆனாலும், 'இந்தப் பிரதியைப் பதிப்பகம் அனுப்பியது' என்று ஒரு வரி எழுதுவதால் நல்ல விமர்சகருக்கு எந்த நஷ்டமும் இல்லை. அந்த வரியைப் படித்த பிறகும் ஒரு வாசகர் அவரை நம்பினால், அந்த நம்பிக்கைக்கு மதிப்பு அதிகம்.

இரண்டாவது, நட்பு. சிறுவர் இலக்கிய உலகம் சின்னது. எழுதுபவரும் விமர்சிப்பவரும் ஒருவரையொருவர் அறிந்தவர்கள். சில நேரம் இருவரும் ஒருவரே. தெரிந்தவரின் புத்தகத்தை 'சரியில்லை' என்று சொல்வது கஷ்டம். அதுவும் குழந்தைகளுக்காக அன்போடு எழுதப்பட்ட புத்தகத்தை. எல்லாப் புத்தகமும் 'அருமை', 'கட்டாயம் படியுங்கள்' என்றால், கடையில் நிற்கும் அம்மாவுக்கு அந்த விமர்சனத்தால் என்ன பயன்? விருதுக் குழு இங்கே உதவுகிறது. ஐந்தாறு பேர் கூடி, பட்டியலை ஐந்தாக ஏழாகச் சுருக்கும்போது எல்லாவற்றையும் பாராட்டிக்கொண்டிருக்க முடியாது. எதையாவது விட்டுத்தான் ஆக வேண்டும். அதற்கான காரணத்தையும் சொல்லியாக வேண்டும்.

அட்டையில் யார் முகம்?

வலைப்பதிவர்களின் குரல் எவ்வளவு தூரம் கேட்கும் என்பதைக் காட்டியது, விருது மேடைக்கு வெளியே நடந்த ஒரு சம்பவம். 2009-ல் ஆஸ்திரேலிய எழுத்தாளர் ஜஸ்டின் லார்பலெஸ்டியரின் 'லயர்' என்ற இளையோர் நாவல் அமெரிக்காவில் வெளிவரத் தயாராக இருந்தது. கதை சொல்லும் மைக்கா, கறுப்பினப் பெண். கட்டை முடி. ஆனால், ப்ளூம்ஸ்பரி பதிப்பகம் தயாரித்த அட்டையில் நீண்ட நேர்முடியோடு ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம்!

முன்பிரதியைப் படித்தவர்கள் கேட்கத் தொடங்கினார்கள். மைக்கா பொய் சொல்பவள் என்பதால் அட்டையும் அப்படி அமைந்தது என்ற விளக்கம் வந்தது. வாசகர்கள் ஏற்கவில்லை. எழுத்தாளரே தன் வலைப்பதிவில், அட்டையில் தனக்கு உடன்பாடு இல்லை என்று வெளிப்படையாக எழுதினார். கறுப்பினப் பிள்ளைகள் அட்டையில் இருந்தால் புத்தகம் விற்காது என்ற வியாபார நம்பிக்கையைப் பற்றியும் பேசினார். வலைப்பதிவர்களும் நூலகர்களும் வாசகர்களும் விடவில்லை. புத்தகம் கடைக்கு வரும் முன்பே அட்டை மாற்றப்பட்டது.

ஓர் அட்டைக்கு ஏன் இவ்வளவு? கறுப்பினச் சிறுமி ஒருத்தி கடைக்குப் போய், தன்னைப்போன்ற ஒருத்தியின் கதையைத் தேடுகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவளுக்கான கதை அங்கேயே இருக்கிறது. அட்டை அதை அவளிடமிருந்து மறைத்துவிடுகிறது. அமெரிக்கக் கல்வியாளர் ரூடின் சிம்ஸ் பிஷப் 1990-ல் எழுதிய ஒரு சிறு கட்டுரையில், குழந்தைக்குப் புத்தகம் சில நேரம் ஜன்னல், சில நேரம் கண்ணாடி என்றார். பிறர் வாழ்க்கையைப் பார்க்க ஜன்னல். தன்னைப் பார்க்கக் கண்ணாடி. தன் முகம் தெரியாத புத்தகங்களையே படித்து வளரும் பிள்ளைக்கு, இந்த உலகத்தில் தனக்கு என்ன இடம் என்ற பாடமும் சேர்ந்தே போய்விடுகிறது.

விருதுக் குழுக்களுக்கும் இது பொருந்தும். நடுவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி வீட்டில், ஒரே மாதிரி புத்தகம் படித்து வளர்ந்தவர்கள் என்றால், 'எல்லாக் குழந்தைகளுக்கும் பிடிக்கும்' என்று அவர்கள் சொல்வது தங்கள் குழந்தைப்பருவத்தைத்தானோ என்று கேட்க வேண்டியிருக்கிறது. இந்த இடைவெளியை நிரப்ப, கறுப்பின எழுத்தாளர்களும் ஓவியர்களும் 2007-ல் 'தி ப்ரௌன் புக்‌ஷெல்ஃப்' என்ற முயற்சியைத் தொடங்கினார்கள். பிப்ரவரி மாதம் முழுக்க, நாளுக்கு ஒருவராகக் கறுப்பினப் படைப்பாளிகளை அறிமுகம் செய்தார்கள்.

குழந்தை எங்கே?

எவ்வளவு நல்ல ஏற்பாடாக இருந்தாலும், சிபில்ஸ் நடுவர்களும் பெரியவர்கள்தான். குழந்தைக்கு எது பிடிக்கும் என்பதைப் பெரியவர் ஊகிக்கத்தான் முடியும். அந்த ஊகம் எப்போது தவறும்? பெரியவரின் கண்ணில் நீர் வரவழைக்கும் புத்தகம், பல நேரம் 'குழந்தைப்பருவம் போய்விட்டதே' என்ற ஏக்கத்தைத் தொட்ட புத்தகமாக இருக்கும். குழந்தைக்கு அந்த ஏக்கம் கிடையாது. அது இன்னும் அங்கேதான் இருக்கிறது!

அதேபோல், நகைச்சுவைப் புத்தகங்களுக்குப் பெரிய விருதுகள் கிடைப்பது அபூர்வம். சோகம் என்றால் ஆழம், சிரிப்பு என்றால் மேலோட்டம் என்ற எண்ணம் பெரியவர்களிடம் உண்டு. படிக்கவே பிடிக்காத ஒரு பையனைப் புத்தகத்தின் பக்கம் இழுத்து வந்தது எது என்று விசாரித்தால், அது பெரும்பாலும் அவன் விழுந்து விழுந்து சிரித்த ஒன்றாக இருக்கும். ஒரு பயந்த அணிலுக்கு முதல் ஆண்டிலேயே பரிசு கொடுத்தவர்கள், இந்த விஷயத்தில் கொஞ்சம் தெளிவாகவே இருந்தார்கள்.

இன்று விமர்சனம் ரீல்ஸுக்கும் குட்டி வீடியோக்களுக்கும் போய்விட்டது. முப்பது நொடியில் ஒரு புத்தகத்தைக் காட்டி, அழுது, சிரித்து, முடித்துவிடலாம். அதனாலும் புத்தகங்கள் விற்கின்றன, பிள்ளைகள் படிக்கிறார்கள். நல்லதுதான். ஆனால், நூறு புத்தகங்களைப் படித்துவிட்டு, 'இதுவல்ல, இதுதான்' என்று நான்கு பேரிடம் வாதாடி, தோற்று, சில நேரம் மனம் மாறி வரும் முடிவுக்கு முப்பது நொடி போதாது.

வீட்டில் புத்தகம் வாங்குபவர்களும் இந்த நடுவர்களிடம் இருந்து ஒன்றைக் கடன் வாங்கலாம். அட்டையில் முத்திரை இருக்கிறதா என்று பார்ப்பதில் தவறில்லை. அதோடு இரண்டு கேள்விகளையும் கேட்டுக்கொள்ளலாம். 'இது நன்றாக எழுதப்பட்டிருக்கிறதா?' என்பது முதல் கேள்வி. நீங்களே பத்துப் பக்கம் படித்தால் அதற்குப் பதில் கிடைத்துவிடும். 'என் பிள்ளை இதன் அடுத்த பக்கத்தைத் திருப்புமா?' என்பது இரண்டாவது. அதற்கான பதில் புத்தகத்தில் இருக்காது; பிள்ளையிடம்தான் இருக்கும். பத்தாவது பக்கத்தில் அது புத்தகத்தை மூடி வைத்தால் திட்டாமல், 'எங்கே போர் அடிச்சது?' என்று கேட்டுப் பாருங்கள். விருதுக் குழுவின் விவாதமும் அந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது.